வைரஸ் அடங்கிய பிறகு மூளையில் நடப்பது

எச்.ஐ.வி. தொற்றுக்குக் கூட்டு மருந்து எடுத்துக்கொள்பவரின் ரத்தத்தில் எவ்வளவு வைரஸ் இருக்கிறது என்று ஆண்டுக்கு ஒருமுறையாவது அளந்து பார்ப்பார்கள். சிகிச்சை மையங்களில் இதற்கு வைரல் லோட் என்று பெயர். மாத்திரையைத் தவறாமல் விழுங்குபவருக்குச் சில மாதங்களிலேயே இந்த எண் கருவியின் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு இறங்கிவிடும். அந்த நிலையில் நீடிப்பவரிடமிருந்து உடலுறவு வழியாகத் தொற்று பிறருக்குப் போவதில்லை. குறைந்துபோன சி.டி.4 என்ற நோயெதிர்ப்பு அணுக்கள் மெல்லக் கூடும். உடல் எடை திரும்பும், வேலைக்கும் போக முடியும். இத்தனைக்கும் பிறகு சிலருக்கு உள்ளங்கால் எரிகிறது. சிலருக்கு வாயில் நின்ற பெயர் வெளியே வர மறுக்கிறது, சில்லறைக் கணக்குப் போட முன்னைவிட நேரம் பிடிக்கிறது. ரத்தத்தில் வைரஸே தென்படாதபோது நரம்புகளைத் தொந்தரவு செய்வது எது?

இந்தக் கேள்வி தமிழ்நாட்டில் இப்போது எழுவதற்குக் காரணம் காலக்கணக்கு. இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986இல், சென்னையில். மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியின் பேராசிரியர் சுனிதி சாலமனும் அவரது மாணவி நிர்மலாவும் திரட்டிய ரத்த மாதிரிகள் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் சோதிக்கப்பட்டன. மைய அரசின் இலவசக் கூட்டு மருந்துத் திட்டம் 2004 ஏப்ரல் 1 அன்று தொடங்கியது. முதல் சுற்று மையங்களில் தாம்பரம் நெஞ்சக நோய் மருத்துவமனையும் ஒன்று. பிறகு மாவட்டங்களுக்கும் திட்டம் விரிந்தது. அவனியாபுரம், வில்லாபுரம், பெருங்குடிப் பக்கத்து மக்கள் பெரியாஸ்பத்திரி என்று சொல்லும் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையிலும் கூட்டு மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையம் இயங்குகிறது. திட்டத்தின் தொடக்க ஆண்டுகளில் முப்பது வயதில் மாத்திரையைத் தொடங்கியவர்கள் இன்று ஐம்பதைக் கடந்திருக்கிறார்கள். இவ்வளவு காலம் வைரஸோடும் மருந்தோடும் வாழ்ந்த ஒரு தலைமுறை இதற்கு முன் இங்கே இருந்ததில்லை.

சென்னையில் முதல் தொற்று தெரியவந்த அதே 1986இல் நியூயார்க் நரம்பியல் மருத்துவர்கள், எய்ட்ஸ் நோயாளிகளிடம் கண்ட ஒருவகை மூளைத் தேய்வை விரிவாக எழுதி வெளியிட்டார்கள். முதலில் கவனம் சிதறும், யோசனை மந்தமாகும். பிறகு நடை தடுமாறும். கடைசியில் ஆள் பேச்சற்றுப் படுக்கையில் கிடப்பார். நல்ல மருந்து இல்லாத அந்தக் காலத்தில், நோய் முற்றியவர்களில் 15 முதல் 20 சதவீதம் பேர் இந்த மறதிநோய்க்கு ஆளானார்கள். 1996க்குப் பிறகு மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறை வந்ததும் அந்தக் கடும் வடிவம் வெகுவாகக் குறைந்தது. மிஞ்சியது மிக லேசான, சில சமயம் நோயாளிக்கே தெரியாத குறைபாடு. இன்றைய ஆய்வு அதைப் பற்றித்தான்.

வைரஸ் மூளைக்குள் நுழைய ஆண்டுக்கணக்கில் காத்திருப்பதில்லை. மூளையின் ரத்தக் குழாய்ச் சுவர்கள் மற்ற உறுப்புகளில் இருப்பதைவிட நெருக்கமாகப் பின்னப்பட்டவை. கண்டதையும் உள்ளே விடாத இந்த ஏற்பாட்டை ரத்த-மூளைத் தடுப்பு என்பர். ஆனால் ரத்தத்தின் வெள்ளணுக்களில் ஒருவகை இந்தத் தடுப்பைத் தாண்டி வழக்கமாகவே உள்ளே போய்வரும். தொற்றிய வெள்ளணு அப்படிப் போகும்போது வைரஸும் கூடவே போய்விடுகிறது. பாங்காக்கில் நடந்த ஓர் ஆய்வில், தொற்றி ஒரு மாதம்கூட ஆகாதவர்களின் மூளைத் தண்டுவட நீரை முதுகில் ஊசி போட்டு எடுத்துச் சோதித்தார்கள். தொற்றி ஏறத்தாழ எட்டே நாளான ஒருவரின் நீரில்கூட வைரஸ் இருந்தது. 2012இல் வெளியான இந்த முடிவு, மூளை கடைசியாகப் பாதிக்கப்படும் உறுப்பு என்ற எண்ணத்தை மாற்றியது.

உள்ளே போன வைரஸ் நரம்பணுக்களைத் தொற்றுவதில்லை. அது நுழைவதற்கு வேண்டிய சி.டி.4 என்ற பிடிப்பு நரம்பணுவின் மேற்பரப்பில் கிடையாது. அது குடிபுகுவது மைக்ரோகிளியா என்ற அணுக்களிலும், குழாய்களை ஒட்டியிருக்கும் பெருவிழுங்கணுக்களிலும். மைக்ரோகிளியா மூளைக்கே உரிய காவல் அணுக்கள். செத்த அணுக்களை அகற்றுவது, கிருமி வந்தால் எதிர்ப்பது, நரம்பிணைப்புகளைக் கத்தரித்துச் சீர்செய்வது எல்லாம் அவற்றின் வேலை. தொற்றிய மைக்ரோகிளியா அழற்சியைத் தூண்டும் பொருள்களைக் கசியவிடுகிறது. வைரஸின் டாட், ஜிபி120 போன்ற புரதங்களும் வெளியேறுகின்றன. அண்டையிலிருக்கும் நரம்பணுக்கள் இந்தக் கசிவில் கிடந்து இணைப்புகளை இழக்கின்றன. நரம்பணு பெரும்பாலும் சாவதில்லை, கிளைகள்தாம் குறைகின்றன. சிகிச்சை தொடங்கியதும் பலருக்குச் சிந்தனை வேகம் ஓரளவு திரும்புவது இதனால்தான்.

உயிரோடு இருப்பவரின் மூளையை வெட்டிப் பார்க்க முடியாது. அப்படியிருக்க இதெல்லாம் எப்படித் தெரிந்தது? பெரும்பகுதியைச் சொன்னது அந்தத் தண்டுவட நீர்தான். சுவீடனின் கோத்தன்பர்க் நகர ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் அதில் இரண்டு பொருள்களை அளந்துவந்தார்கள். ஒன்று நியாப்டெரின். காவல் அணுக்கள் கிளர்ந்தெழும்போது சுரக்கும் இது, அழற்சிக்கு அடையாளம். மற்றது நரம்பிழைப் புரதம். நரம்பணுவின் நீண்ட இழைக்குள் இருக்கும் இந்தப் புரதம், இழை சிதைந்தால்தான் வெளியே கசியும். சிகிச்சை பெறாதவர்களிடம் இரண்டும் கூடியிருந்தன. மருந்து தொடங்கியபின் நரம்பிழைப் புரதம் பெரும்பாலும் இயல்பான அளவை நெருங்கியது. நியாப்டெரினும் வெகுவாக இறங்கியது, ஆனால் பலரிடம் ஆண்டுகள் கழித்தும் சற்றே உயர்ந்து நின்றது. சேர்த்துப் படித்தால் பொருள் இதுதான்: சிகிச்சையில் இருப்பவரின் மூளையில் பெரும் சேதம் நடந்துகொண்டிருக்கவில்லை, அழற்சி மட்டும் முழுதாக ஓயவில்லை.

ஓயாததற்குக் காரணம் வைரஸின் பிழைப்பு முறை. அது தன் மரபுப் பொருளைத் தொற்றிய அணுவின் மரபணுத் தொகுதிக்குள்ளேயே தைத்துவிடுகிறது. வயலில் கோரையை மேலாக அறுத்தால் பார்வைக்கு வயல் சுத்தமாகிவிடும், கிழங்கு மண்ணுக்குள்ளேயே கிடக்கும். கூட்டு மருந்து செய்வதும் இந்த அறுப்புதான். புதிதாக எந்த அணுவும் தொற்றாமல் அது தடுக்கிறது, ஏற்கெனவே தைக்கப்பட்டதை அதனால் பிரிக்க முடியாது. மருந்தை நிறுத்தினால் சில வாரங்களில் வைரஸ் மறுபடி முளைக்கிறது. மைக்ரோகிளியா நீண்ட ஆயுள் கொண்டது என்பதால் அதனுள் கிடப்பதும் நீண்ட காலம் கிடக்கும். இது வெகுநாள் ஊகமாகவே இருந்தது. இறக்கும் தறுவாயில் தம் உடலை ஆய்வுக்கு அளிக்க முன்வந்த தொற்றாளர்கள் சிலரின் உதவியால் அமெரிக்க ஆய்வாளர்கள் அதை நேரில் காட்டினார்கள். இறந்த சில மணி நேரத்துக்குள் மூளையிலிருந்து மைக்ரோகிளியாவைப் பிரித்தெடுத்து வளர்த்தபோது, கடைசிவரை மருந்தில் இருந்தவர்களின் அணுக்களிலிருந்தும் பெருகும் திறனுள்ள வைரஸ் வெளிவந்தது. இந்த முடிவு 2023இல் வெளியானது. வழக்கமான மருந்துகள் டாட் புரதம் உருவாவதை நேரடியாகத் தடுப்பதில்லை என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். முழு வைரஸ் பெருகாவிட்டாலும் உள்ளே தைக்கப்பட்டிருக்கும் துண்டு அவ்வப்போது இந்தப் புரதத்தை உமிழ முடியும்.

மாத்திரைகள் எல்லாமே ரத்த-மூளைத் தடுப்பை ஒரே அளவில் தாண்டுவதில்லை. எனவே அரிதாக, ரத்தத்தில் அடங்கிய வைரஸ் தண்டுவட நீரில் மட்டும் பெருகுவதுண்டு. தலைவலி, நடுக்கம், தள்ளாட்டம், திடீர்க் குழப்பம் என்று அது வெளிப்படும். புனே மருத்துவர்கள் இப்படிப்பட்ட நோயாளிகளைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்கள். அவர்களில் பலர் ரிட்டோனவிர் சேர்த்த அட்டாசனவிர் போன்ற இரண்டாம் கட்ட மருந்துகளில் இருந்தவர்கள். தண்டுவட நீரைச் சோதித்து மருந்தை மாற்றினால் பெரும்பாலோர் தேறுகிறார்கள். ரத்த அறிக்கையை மட்டும் பார்த்து அனுப்பிவிட்டால் இது பிடிபடாது.

எத்தனை பேருக்கு மூளைப் பாதிப்பு இருக்கிறது என்ற எண்ணிக்கையில்தான் அதிகம் குழம்புகிறார்கள். அமெரிக்காவின் ஆறு மையங்களில் 1,555 பேரைச் சோதித்த சார்ட்டர் ஆய்வு 2010இல் வெளியானது. சோதனைகளில் 52 சதவீதம் பேர் குறைவாக மதிப்பெண் பெற்றார்கள். தொற்றுள்ளவர்களில் பாதிப்பேருக்கு மூளைப் பாதிப்பு என்று அது உலகெங்கும் பரவிவிட்டது. உள்ளே போய், வேறு கடும் நோய்களால் குழம்பியவர்களை விலக்கிப் பார்த்தால் சித்திரம் வேறு. மறதிநோய் என்று சொல்லத்தக்க கடும் நிலையில் இருந்தவர்கள் 2 சதவீதம். அன்றாட வாழ்வைச் சற்றுத் தொடும் லேசான நிலையில் 12 சதவீதம். 33 சதவீதம் பேருக்குச் சோதனைத் தாளில் மட்டும் குறை தெரிந்தது. வீட்டிலும் வேலையிலும் அவர்களுக்கு எந்தத் தொந்தரவும் இருக்கவில்லை.

இந்தக் கடைசிப் பிரிவைத்தான் பலர் சந்தேகிக்கிறார்கள், சந்தேகத்தில் நியாயம் இருக்கிறது. 2007இல் வகுத்த விதிப்படி நினைவு, கவனம், வேகம், மொழி என்று பல துறைகளில் சோதனை வைத்து, இரண்டு துறைகளில் சராசரியைவிட ஓர் அளவுக்குக் கீழே போனால் பாதிப்பு என்று குறிப்பார்கள். அந்தக் கோடு அவ்வளவு தாழ்வானதல்ல. நல்ல ஆரோக்கியத்தில் இருப்பவர்களிலேயே ஏறத்தாழ ஆறில் ஒருவர் ஒவ்வொரு சோதனையிலும் அதற்குக் கீழே இருப்பார். சோதனைகளைக் கூட்டக் கூட்ட, ஏதாவது இரண்டில் சறுக்கும் வாய்ப்பும் கூடுகிறது. தொற்றே இல்லாதவர்களுக்கு இதே விதியைப் போட்டால் சுமார் 20 சதவீதம் பேர் பாதிக்கப்பட்டவர்களாகிவிடுவார்கள் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டுக் காட்டினார்கள். 2023இல் ஒரு பன்னாட்டு வல்லுநர் குழு, மதிப்பெண் குறைவதை மட்டும் வைத்து மூளைப் பாதிப்பு என்று முத்திரை குத்தக் கூடாது, நோயாளியின் வாழ்வில் அறிகுறி தெரிய வேண்டும், எச்.ஐ.வி. அல்லாத காரணங்களையும் தேட வேண்டும் என்று பரிந்துரைத்தது. காலம் கடந்து வந்த திருத்தம்.

தமிழ்நாட்டில் இந்தச் சிக்கலுக்கு இன்னொரு மடிப்பும் உண்டு. மேலைநாட்டுச் சோதனைகள் பள்ளிப் படிப்பை எதிர்பார்க்கின்றன. எண்களைக் கோட்டால் வரிசையாக இணைக்கச் சொன்னால், ஐந்தாம் வகுப்போடு நின்று கொத்தனார் வேலைக்குப் போனவர் மெதுவாகத்தான் செய்வார். அது மூளை மந்தமல்ல, பென்சில் பிடித்துப் பழக்கமில்லை, அவ்வளவுதான். அதனால் அதே ஊரில், அதே படிப்பும் வயதும் உள்ள, தொற்றில்லாத ஆட்களோடு ஒப்பிட வேண்டும். சுனிதி சாலமன் 1993இல் சென்னையில் தொடங்கிய ஒய்.ஆர்.ஜி. கேர் நிறுவனம் அமெரிக்க ஆய்வாளர்களோடு சேர்ந்து 2006இல் வெளியிட்ட ஆய்வு அப்படி ஒப்பிட்டது. நோய் முற்றியவர்கள் பல சோதனைகளில் பின்தங்கியிருந்தார்கள். அடுத்த ஆண்டு பெங்களூரு நிம்ஹான்ஸ் வெளியிட்ட ஆய்வில், கூட்டு மருந்து இன்னும் தொடங்காத 119 பேரில் சுமார் 60 சதவீதம் பேரிடம் லேசான அல்லது நடுத்தரக் குறைபாடு தென்பட்டது. மறதிநோய் ஒருவருக்கும் இல்லை.

ஒருவருக்கும் இல்லை என்பது அப்போது பலரை யோசிக்கவைத்தது. இந்தியாவில் பரவியிருப்பது பெரும்பாலும் எச்.ஐ.வி.யின் சி துணைவகை. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் மிகுந்திருப்பது பி. பெங்களூரு ஜவஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையத்தின் உதய்குமார் ரங்காவும் குழுவினரும் 2004இல் ஒரு சிறு வேறுபாட்டைக் காட்டினார்கள். டாட் புரதத்தின் 31ஆம் இடத்தில் பி வகையில் சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் இருக்கிறது. இந்தியாவின் சி வகையில் பெரும்பாலும் அங்கே செரின் இருக்கிறது. இந்த ஒற்றை மாற்றத்தால் வெள்ளணுக்களைத் தன் பக்கம் இழுக்கும் ஆற்றல் டாட்டுக்குக் குறைகிறது. பின்னர் எலிகளில் செய்த சோதனையிலும் இந்திய சி வகை மூளைக்குக் குறைவாகவே ஊறு செய்தது. நிம்ஹான்ஸின் மூளை வங்கியில் சேமிக்கப்பட்ட எய்ட்ஸ் நோயாளிகளின் மூளைகளிலும் வைரஸ் நேரடியாக உண்டாக்கும் அழற்சி குறைவாகவும், காசநோய், டாக்சோபிளாஸ்மா, கிரிப்டோகாக்கஸ் பூஞ்சை ஆகியவற்றின் சேதம் மிகுதியாகவும் தெரிந்தன. ஆறுதலான செய்திதான். ஆனால் அதை அளவுக்கு மீறி நம்ப முடியாது. ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் பரவியதும் சி வகையே. அங்கே சிந்தனைக் குறைபாடு காணப்படுகிறது, அந்த 31ஆம் இட மாற்றம் இந்திய வைரஸில் இருக்கும் அளவுக்கு அங்கே பொதுவானதுமில்லை.

மூளையைவிட அதிகம் புலம்பவைப்பது கால். எரிச்சல், மரத்துப்போதல், இரவில் குத்தல், செருப்பு கழன்றதுகூடத் தெரியாமல் நடப்பது. உடலிலேயே நீளமான நரம்பிழைகள் பாதத்துக்குப் போகிறவை. சக்தி உற்பத்தியில் குறை வந்தால் அவற்றின் நுனிதான் முதலில் வாடும். வைரஸ் தானே இதைச் செய்யக்கூடும். ஆனால் இந்தியாவின் முதல் தலைமுறை நோயாளிகளில் மருந்தும் குற்றவாளி. விலை மலிவான ஸ்டாவுடின், 2001இல் சிப்லா நிறுவனம் கொண்டுவந்த மூன்று மருந்துக் கூட்டு மாத்திரையிலும், அரசுத் திட்டத்தின் தொடக்ககால மருந்துகளிலும் இடம்பெற்றது. அணுக்களுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியா தன் மரபுப் பொருளைப் படியெடுப்பதை அது கெடுக்கும். கன்னம் ஒட்டிப்போனதும் கால் எரிந்ததும் அதன் விளைவுகள். 2009இல் உலக சுகாதார அமைப்பு அதைக் கைவிடச் சொன்னது. இந்தியாவிலும் டெனோஃபோவிர் படிப்படியாக அந்த இடத்துக்கு வந்தது. ஆனால் அதற்கு முன் அடிபட்ட நரம்பு எல்லோருக்கும் முழுதாகத் தேறுவதில்லை. அதோடு காசநோய் மருந்தான ஐசோநியாசிட் உடலின் வைட்டமின் பி6 இருப்பைக் குறைத்து நரம்பைத் தாக்கும். பி6 மாத்திரையைக் கூடவே கொடுப்பது இதற்காகத்தான். சர்க்கரை நோயும் சேர்ந்துவிட்டால் ஒரே பாதத்தில் மூன்று நான்கு காரணங்கள் குவிகின்றன. எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல எந்த மருத்துவராலும் முடியாது.

ஸ்டாவுடினுக்குப் பிறகு பரவலான டி.எல்.இ. மாத்திரையின் கடைசி எழுத்து எஃபவிரென்ஸைக் குறிக்கும். அது மூளையைத் தொடும் மருந்து. தலைசுற்றல், விசித்திரக் கனவுகள், எரிச்சல், சிலருக்கு மனச்சோர்வு. இரவில் படுக்கப்போகும் நேரத்தில் சாப்பிடச் சொன்னது அதனாலேயே. பெரும்பாலோருக்கு ஒரு மாதத்தில் இவை தணியும், சிலருக்குத் தணியாது. காரணம் கல்லீரலில் இருக்கிறது. இந்த மருந்தைச் சிதைக்கும் நொதியின் மரபணுவில் ஒரு மாற்றம் உள்ளவர்களின் ரத்தத்தில் மருந்து தேங்கும். தென்னிந்திய நோயாளிகளிடம் இந்த மாற்றம் இருப்பதையும், அவர்களிடம் மருந்தின் அளவு ஏறிநிற்பதையும் சென்னைக் காசநோய் ஆய்வு மையம் 2009இல் வெளியிட்ட ஆய்வில் காட்டியது. டி.எல்.இ. போய் டி.எல்.டி. வந்த பிறகு, அதாவது டோலுடெகிரவிர் சேர்ந்த பிறகு, கனவுத் தொல்லை குறைந்தது. இந்தப் புது மருந்திலும் சிலருக்குத் தூக்கம் கெடுகிறது, எடை கூடுகிறது.

மூளையின் இன்றைய நிலையை முடிவுசெய்வதில் பழைய கணக்கும் முக்கியம். சி.டி.4 எண்ணிக்கை ஒரு காலத்தில் எவ்வளவு தாழ இறங்கியதோ அவ்வளவுக்குப் பிற்காலச் சிந்தனைக் குறைபாட்டின் வாய்ப்பு கூடுகிறது என்று சார்ட்டர் ஆய்வு கண்டது. மருந்து தொடங்குமுன் மூளைக் காய்ச்சலோ மூளையில் காசக்கட்டியோ வந்தவர்களிடம் தழும்பு நிலைத்திருக்கும். வயது ஏற ஏற ரத்தக் குழாய்களும் கணக்கில் சேர்கின்றன. எச்.ஐ.வி. தொற்றுள்ளவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் மற்றவர்களைவிடக் கூடுதலாக வருகின்றன. பன்னிரண்டு நாடுகளில் 7,769 பேரிடம் நடந்த ரிப்ரீவ் ஆய்வில், பிடாவஸ்டாடின் என்ற கொழுப்பு குறைக்கும் மாத்திரை இப்பெரும் விபரீதங்களை 35 சதவீதம் குறைத்தது 2023இல் தெரிந்தது. ரத்த அழுத்தம், சர்க்கரை, பீடி, மது, கவனிக்கப்படாத மனச்சோர்வு எல்லாமே மறதியாக வெளிப்படக்கூடியவை. இவை அனைத்தும் சரிசெய்யக்கூடியவையும்கூட.

இந்தக் குறைபாடு வளர்ந்துகொண்டே போகுமா என்பதுதான் நோயாளிகள் கேட்கும் கேள்வி. சார்ட்டர் குழு தன் நோயாளிகளில் 436 பேரை 16 முதல் 72 மாதங்கள் வரை தொடர்ந்து பார்த்து 2015இல் விடை சொன்னது. 61 சதவீதம் பேரிடம் மாற்றமில்லை. 17 சதவீதம் பேர் தேறினார்கள். 23 சதவீதம் பேர் பின்னடைந்தார்கள். மருந்தை விட்டவர்களுக்கும் பிற நோய் மிகுந்தவர்களுக்கும்தான் பின்னடையும் வாய்ப்பு அதிகம். அல்சைமர் நோய்போல நிற்காமல் சரியும் போக்கு இதில் காணப்படவில்லை. ஐம்பது வயதில் சாவி வைத்த இடம் மறந்தால் உடனே வைரஸ் மூளையைத் தின்கிறது என்று பயப்பட வேண்டியதில்லை.

சில அறிகுறிகளை மட்டும் பழைய நோயின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. சில நாட்களிலோ வாரங்களிலோ முற்றும் குழப்பம், ஒரு பக்கம் கை கால் தளர்வு, வலிப்பு, காய்ச்சலோடு வரும் விடாத தலைவலி, நடையில் திடீர்த் தள்ளாட்டம் ஆகியவற்றுக்கு அன்றே மருத்துவமனை போக வேண்டும். வைரல் லோட் அறிக்கை நன்றாக இருந்தாலும் போக வேண்டும். மெதுவாக வரும் மறதியைப் பற்றியும் அடுத்த மாத்திரைத் தேதியில் ஏ.ஆர்.டி. மைய ஆலோசகரிடம் வெட்கமின்றிச் சொல்லலாம். மாத்திரையை மறப்பதே அதன் முதல் அறிகுறியாக இருக்கலாம், அப்போது வீட்டில் ஒருவர் நினைவூட்டுவதுதான் முதல் சிகிச்சை.

மூளையைக் காக்கும் வழிகளில் இதுவரை உறுதியாகத் தெரிந்தது, சி.டி.4 சரிவதற்குள் சிகிச்சையைத் தொடங்குவது. 2017 முதல் இந்தியாவில் சி.டி.4 எண்ணிக்கை எவ்வளவு இருந்தாலும் தொற்று உறுதியான உடனே மருந்து தரப்படுகிறது. அதே ஆண்டு இயற்றப்பட்டு 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டம், தொற்றைக் காரணம் காட்டி வேலையையோ சிகிச்சையையோ மறுப்பதைத் தடை செய்கிறது. அரசு மருத்துவமனைகளின் நம்பிக்கை மையங்களில் பரிசோதனை இலவசம், முடிவு ரகசியம். கேட்டுத் தெரிந்துகொள்ள 1097 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண் இருக்கிறது.